இடது காதில் ஒரு புள்ளி

நோரீன் ஸ்லாவிக்கின் கைகள் சின்னவை. பத்து வயதுப் பெண்ணின் கையுறை அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாட்டு வைத்தியம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், தோள்வரை கையை விட்டும் கன்றின் காலை எட்ட முடியாமல் அவள் தவித்ததைப் பார்த்து, "உனக்கு மாடு ஒத்துவராதும்மா, பொம்மைக் கடை வச்சுக்கோ" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வகுப்பே சிரித்தது. நோரீனும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குள் ஒரு வீம்பு விழுந்துவிட்டது.

அந்த வீம்புக்குத் தீனி கிடைத்த இடம், இல்லினாய்ஸ் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு ஃபெரெட் பண்ணை. பெயர் வேண்டாம். கீரியை ஒரு சுற்று இளைக்கவைத்து முகத்தில் குறும்பைக் கூட்டினால் ஃபெரெட். பல மாநிலங்களின் செல்லப்பிராணிக் கடைகளுக்குப் போகும் குட்டிகள் அங்கேதான் பிறந்தன. வளர்ந்தால் நாறும், கடிக்கும், வீடு முழுக்கக் குட்டி போட்டு நிரப்பும் என்று வாங்குகிறவர்கள் பயப்படுவார்கள் அல்லவா? அதனால் ஐந்தாறு வாரத்திலேயே ஆண்களைக் காயடித்து, பெண்களுக்குக் கர்ப்பப்பையோடு சூலகங்களையும் எடுத்து, தையல் ஆறியதும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

உள்ளங்கையில் அடங்குகிற குட்டிக்கு அறுவை செய்ய உள்ளங்கை அளவுள்ள ஆள் வேண்டும். நோரீன் ஆணுக்கு இரண்டு நிமிடம், பெண்ணுக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். அவள் போட்ட தையலைக் கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ஒரு பருவம் முழுக்க அவள் மேஜையில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. தலைமை மருத்துவர் எல்வுட் ப்ராண்ட் வேலையாட்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, "இந்தக் கையைப் பார்த்துக்கங்க. முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லை" என்றார். கைதட்டினார்கள். அன்று இரவு அவள் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

ஒவ்வொரு குட்டிக்கும் காதில் பச்சைப் புள்ளி குத்துவது பண்ணை வழக்கம். தவறு நடந்தால் யார் கை என்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒவ்வொரு இடம். எல்வுட்டுடையது வலது காதின் உச்சி. நோரீனுடையது இடது காதின் கீழ் விளிம்பு. மூன்று வருடத்தில் பதினோராயிரத்துக்கும் மேலான இடது காதுகளில் அவள் புள்ளி விழுந்தது. ஓவியர்கள் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவதுபோல என்று அப்போது அவளுக்குத் தோன்றும்.

பிறகு பென்சில்வேனியாவில், அவள் பிறந்த ஆற்றோர ஊரில், பழைய மருத்துவர் ஓய்வுபெற்று மருத்துவமனையை விற்றார். நோரீன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள். அதற்காகத்தான் பண்ணையை விட்டேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். தனக்குத்தானேயும் அதைத்தான் சொல்லிக்கொண்டாள்.

ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, மஞ்சள் பள்ளிப் பேருந்து ஒன்று மருத்துவமனை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு ஓட்டுநர் வாண்டா கோசியெல் உள்ளே வந்தாள். அறுபது வயது, கதவளவு உடம்பு. ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து ஒரு வழுக்கை வால் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேமியன், வரிசையில இருக்கிறவங்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லு. என் பையன் நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணுக்குப் போகல."

டேமியன் ரூசோ நோரீனின் உதவியாளன். நாற்பது வயது. ஊரில் யாருடைய நாய் யாரைக் கடித்தது என்பது வரை அவனுக்குத் தெரியும். அவளை நேரே உள்ளறைக்கு அழைத்துப்போனான்.

பையன் ஒரு ஆண் ஃபெரெட். பெயர் ஹலுஷ்கி. ஹலுஷ்கி என்றால் முட்டைக்கோசோடு வெண்ணெயில் புரட்டிய நூடுல்ஸ்; அது மாதிரி வழுவழுவென்று நழுவுவானாம், அதனால் அந்தப் பெயர். வயது இரண்டரை. வாலில் முடி இல்லை. முதுகிலும் பாதிவரை உரித்த கோழி மாதிரி இருந்தது. நோரீன் வயிற்றைத் தொட்டாள். மூத்திரப்பை பிளம் பழம்போல இறுகிக் கிடந்தது.

"முடி எப்பலேர்ந்து கொட்டுது?"

"வசந்தத்துலேர்ந்து. வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டினேன். பருவம் மாறுது, தானா முளைக்கும்னாரு. முளைக்கும்னு நானும் தினம் தடவிப் பார்த்துகிட்டே இருந்தேன்."

மயக்க மருந்துக் குழாயை மூக்கில் வைப்பதற்காக நோரீன் தலையைத் திருப்பினாள். இடது காதின் கீழ் விளிம்பில் பச்சைப் புள்ளி.

அவள் கை நின்றுவிட்டது. டேமியன் அதைப் பார்த்தான். அந்தக் கை நின்று அவன் பார்த்ததே இல்லை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. மூணாம் நம்பர் குழாய் எடு. உப்புத் தண்ணியை ஐஸ்ல வச்சுக் கொண்டா."

ஆண் ஃபெரெட்டுக்கு மூத்திரக்குழாய் போடுவது பெரிய அறுவைக்காரர்களே நழுவிக்கொள்கிற வேலை. துவாரம் ஊசிமுனை அளவுதான் இருக்கும். உள்ளே தூண்டில் முள் மாதிரி வளைந்த எலும்பு. முதல் முறை குழாய் மடங்கியது. இரண்டாம் முறையும் மடங்கியது. வாண்டா சுவரில் சாய்ந்து நின்று, யாரிடமென்று இல்லாமல், "இவன் திங்கட்கிழமை என் சாவியை ஒளிச்சு வச்சான், பேருந்து இருபது நிமிஷம் லேட்டு. அதுக்கு இன்னும் நான் இவனைத் திட்டவே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை நோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். குளிர்ந்த உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தியபடி, விரல் நுனி சொன்ன வழியில் குழாயைத் திருப்பினாள். வளைவைத் தாண்டியது. கிண்ணத்தில் சிவப்புக் கலந்த மூத்திரம் இறங்கியது.

டேமியன் மூச்சு விட்டான். "இந்த மாவட்டத்துல வேற யாரும் இதைச் செஞ்சிருக்க முடியாது" என்றான். அது உண்மை என்று நோரீனுக்கும் தெரியும். பெருமை எப்போதும்போல உள்ளே எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அந்தப் புள்ளியில் இடித்துக்கொண்டது.

ஸ்கேனில், சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் இடது அட்ரினல் சுரப்பி தெரிந்தது. அரிசி மணிபோல இருக்க வேண்டியது மொச்சைக்கொட்டைபோல வீங்கியிருந்தது. அது மிதமிஞ்சிச் சுரந்த ஹார்மோன்தான் முடியைக் கொட்டவைத்து, ப்ராஸ்டேட்டை வீங்கவைத்து மூத்திரத்தையும் அடைத்திருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அதை அறுத்து எடுத்தாள். ஒன்றே கால் மணி நேரம். முடிகிற நேரத்தில் தோள்களுக்கு நடுவே, தோலுக்கடியில், ஹார்மோனை அடக்கும் மருந்து மணி ஒன்றையும் வைத்தாள். தையல் போட்டபோது காயடித்த இடத்தில் பழைய தழும்பைத் தேடினாள். கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாள்.

மாலையில் வாண்டா வந்தபோது ஹலுஷ்கி துண்டுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நோரீன் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பிழைச்சுடுவான். ரெண்டு மூணு நாள்ல குழாயை எடுத்துடலாம். முடியும் முளைச்சுடும்."

"அப்புறம் ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு, கண்ணு?"

"இவன் காதுல ஒரு புள்ளி இருக்கே, அது என்னோடது. அஞ்சு வாரக் குட்டியா இருக்கும்போது இவனைக் காயடிச்சது நான்தான்."

வாண்டா துண்டை விலக்கி அந்தக் காதைப் பார்த்தாள். நோரீன் தொடர்ந்தாள். "மூளை எப்பவும் விதையைப் பார்த்து 'வேலை செய், வேலை செய்'னு சத்தம் போட்டுகிட்டே இருக்கும். விதை 'சரி, போதும்'னு பதில் சொன்னா அடங்கும். பதில் சொல்ற ஆளைத்தான் நாங்க எடுத்துட்டோமே. அந்தச் சத்தம் நிக்காது. பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி அட்ரினல் சுரப்பி அதைக் கேட்டுக் கேட்டு வீங்கிப்போகுது. எவ்வளவு சின்ன வயசுல எடுக்கிறமோ அவ்வளவு சின்ன வயசுல நோவு வருதுன்னு ஹாலந்துல கணக்கெடுத்து எழுதியிருக்காங்க. எல்லாரும் ஒத்துக்கல. நான் ஒத்துக்கறேன்."

"அதை எப்ப படிச்சே?"

நோரீன் எதிர்பார்த்த கேள்விகளில் இது இல்லை.

"பண்ணையில ரெண்டாவது வருஷம். படிச்சிட்டு மூணாவது வருஷமும் செஞ்சேன். என்னைவிட நல்லா யாரும் செய்யலைங்கிற நெனப்பு. அதை விட மனசு வரல."

வாண்டா எழுந்து துண்டுக்குள் கைவிட்டு ஹலுஷ்கியின் தலையை ஒரு விரலால் தடவினாள். "சரி. எனக்கு உன்னைத் திட்டவும் வேணும், உனக்கு நன்றி சொல்லவும் வேணும். முதல்ல திட்டிடறேன். அப்பத்தான் நல்லபடியா முடியும்."

திட்டினாள். நாற்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய வாய். வெளியே உட்கார்ந்திருந்த நாய்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முடித்துவிட்டு, நோரீனின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். "நன்றி. சின்னப் பிள்ளைக் கை மாதிரி இருக்கு. இன்னும் எத்தனை பேர் காதுல இந்தப் புள்ளி இருக்கு?"

"பதினோராயிரம்."

"அத்தனை பேரும் என்னை மாதிரி உன்கிட்டயே வந்து சேருவாங்களா? அவங்க நேரா வேற ஒரு டாக்டர்கிட்ட போயி, 'பருவம் மாறுது'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போவாங்க."

அடுத்த வாரம் முழுக்க நோரீன் ஒரு காதை வரைந்துகொண்டிருந்தாள். படம் வரையத் தெரியாதவள். நாலாவது தாளில்தான் காது காது மாதிரி வந்தது. கீழ் விளிம்பில் பச்சை மையால் புள்ளி வைத்தாள். அதன் கீழே எழுதினாள்: 'உங்கள் ஃபெரெட்டின் காதில் இந்த இடத்தில் புள்ளி இருந்தால், அதற்குக் கருத்தடை செய்தவள் நான். அது இளவயதிலேயே அட்ரினல் நோயில் விழ வாய்ப்பு அதிகம். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை கொண்டுவாருங்கள். இலவசமாகப் பார்க்கிறேன். டாக்டர் நோரீன் ஸ்லாவிக்.'

டேமியன் படித்துவிட்டு தாளைக் கவிழ்த்து வைத்தான். "பைத்தியமா உனக்கு? தப்பு செஞ்சேன்னு நீயே சுவத்துல ஒட்டுவியா? பூனைக்காரங்ககூட நாளைக்கு வர மாட்டாங்க."

"வரட்டும், வராம போகட்டும்."

"பேரையாவது எடு. 'தகுதிவாய்ந்த மருத்துவர்'னு போடு."

"புள்ளி வச்சப்ப பேரை மறைச்சா வச்சேன்? எல்லாரும் பார்க்கட்டும்னுதான வச்சேன்."

டேமியன் தாளை நிமிர்த்தி வைத்தான். "காது பூரான் மாதிரி இருக்கு. நான் வரையறேன், கொடு" என்றான்.

தீவனக் கடைகளிலும், வெள்ளிக்கிழமை மீன் விருந்து நடக்கும் தேவாலயக் கூடங்களிலும், மூன்று மாவட்டத்து ஃபெரெட் சங்கத்தின் செய்தி மடலிலும் அந்தத் தாள் வந்தது. சனிக்கிழமைக்கு முந்தின நாள் மதியம் தொலைபேசி அடித்தது. எல்வுட்.

"நோரீன், உன் தாளை யாரோ எனக்கு அனுப்பியிருக்காங்க."

"காது நல்லா வந்திருக்கா?"

"விளையாடாத. நான் பார்த்ததுலயே நல்ல கை உன் கை. அதை நீயே சேத்துல போட்டு மிதிக்கிறியே, எனக்குத் தாங்கல."

அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அதுதான் நோரீனுக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த மனிதர் அன்று கைதட்ட வைத்திருக்காவிட்டால் அவள் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்க மாட்டாள்.

"கை நல்ல கைதான், எல்வுட். அதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல. அது செஞ்ச வேலைதான், குட்டி வளர்றதுக்குப் பல மாசம் முந்திப்போச்சு."

"சட்டப்படி எல்லாமே சரியாத்தான் செஞ்சோம்."

"ஆமா. சட்டப்படி சரிதான்."

"பண்ணைப் பேரை எழுதலையே?"

"இல்ல. எம் பேரை மட்டும்தான் எழுதினேன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வாசல் திறந்தபோது வண்டிகள் தெருமுனைவரை நின்றன. வாண்டா பேருந்து ஓட்டும்போது போடும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "நீலக் கார், பின்னாடி போ. பின்னாடின்னா பின்னாடி, கண்ணாடியைப் பார்" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். வராந்தாவில் யாரும் சொல்லாமலே கல்யாண வீட்டில் வைப்பதுபோல ஒரு பிஸ்கட் மேஜை வளர்ந்தது. ஆளுக்கொரு தட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், நர்சுகள், தலைமுடிக்கு ஊதா பூசிய கல்லூரிப் பெண்கள் என்று எல்லா வகையும். ஒவ்வொருவர் தோளிலோ சட்டைக்குள்ளோ ஒரு கூர்முகம் எட்டிப்பார்த்தது. திட்டத் தயாராக வந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். நோரீன் நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு விலங்கை வாங்கி மேஜையில் வைத்தாள்.

முப்பத்தொன்று வந்தன. பத்தொன்பதில் அவள் புள்ளி. அதில் ஏழுக்குச் சுரப்பி வீங்க ஆரம்பித்திருந்தது. அந்த ஏழில் ஐந்தின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் விலங்கின் முடி கொட்டத் தொடங்கியதே தெரியாது. சரியான நேரத்தில் வந்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து மணி வைத்தாள். மூன்று மணிக்கு அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆனாலும் ஒரு ஊசிகூடத் தடம் தவறவில்லை. அதைத் தனக்குள் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொள்வதில் தப்பில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

கடைசியாக வந்தவர் லூத்தர் ப்ரைஸ். தபால்காரர், நெட்டையான மனிதர். தபால் பையிலிருந்தே ஒரு பெண் ஃபெரெட்டை எடுத்தார். பெயர் கிளாரா. வயது பதினாலு மாதம்.

"இது உங்க புள்ளி இல்லைங்க. வலது காது, உச்சியில இருக்கு. தாளைப் பார்த்தே எனக்குத் தெரியும். இருந்தாலும் வந்துட்டேன். பார்ப்பீங்களா?"

"குடுங்க."

கழுத்தடியில், அக்குளில், தொடையிடுக்கில் கட்டிகள் பட்டாணி பட்டாணியாகக் கைக்குத் தட்டுப்பட்டன. மண்ணீரல் பெருத்திருந்தது. நோரீன் ஊசியால் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். இரண்டாம் முறையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ரத்தப் புத்துநோய் வகை. லிம்ஃபோமா. மருந்து கொடுத்தா சில மாசம் சௌகரியமா இருப்பா. குணமாகாது."

"அந்த ஆபரேஷனாலயா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஒரு காரணமாவது கிடைக்கும். நோரீன் அதை யோசித்தாள்.

"தெரியலைங்க. அட்ரினல் நோவுன்னா ஆமான்னு சொல்லுவேன். இதுக்கு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்சதாச் சொன்னா நாளைக்கு என் பேச்சை யாரும் நம்ப மாட்டாங்க."

லூத்தர் தலையாட்டினார். கிளாரா அவர் சட்டைப் பொத்தானைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "பொத்தான்னா உயிர் இவளுக்கு. நான் தபால் போடுற பதினெட்டு தெருவிலயும் எல்லாருக்கும் இவளைத் தெரியும். என்னைத் தெரியாது, இவளைத் தெரியும்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது துக்கம் என்று மட்டும் சொல்ல முடியாது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அவர் போன பிறகு நோரீன் எல்வுட்டைக் கூப்பிட்டாள்.

"உங்க புள்ளி ஒண்ணு வந்துச்சு. வலது காது, உச்சி."

எல்வுட் கேட்டார்: "ஆணா, பெண்ணா? என்ன வயசு?"

சொன்னாள். கட்டிகளைப் பற்றியும் சொன்னாள். காரணம் தெரியாது என்பதையும் சொன்னாள்.

"தையல் எப்படி இருந்துச்சு?" என்றார் எல்வுட். கேட்டதும் அவருக்கே என்னவோபோல் ஆகியிருக்க வேண்டும். "அந்த ஆளோட நம்பரைக் கொடு" என்றார்.

அவர் லூத்தரைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார் என்று பிறகு தெரிந்தது. என்ன பேசினார் என்று லூத்தர் சொல்லவில்லை. "அந்தப் பெரியவர் பேசினதைவிடக் கேட்டதுதான் அதிகம்" என்று மட்டும் சொன்னார். கிளாரா பிப்ரவரி வரை இருந்தாள்.

பண்ணை மாறவில்லை. குட்டிகள் இன்றும் ஐந்து வாரத்தில்தான் மேஜைக்கு வருகின்றன. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன் எல்வுட்டின் கையெழுத்தில் நோரீனுக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. அவள் அங்கே இருந்த மூன்று வருடத்தில் ஒவ்வொரு பெட்டியும் எந்த ஊர், எந்தக் கடைக்குப் போனது என்ற பட்டியல் மட்டும் இருந்தது. பதினாறு மாநிலங்கள். டேமியன் பட்டியலைப் புரட்டிவிட்டு, "எத்தனை காது வரையணும்னு நெனக்கிறே?" என்றான்.

"நீதான நல்லா வரையறே."

குளிர்காலம் முழுக்க அந்த ஊர்களின் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பாதிப் பேர் பதில் போடவில்லை. பதில் போட்டவர்களில் சிலர், தாங்களும் இப்படி ஒரு சனிக்கிழமை முகாம் வைக்கிறோம் என்றார்கள். ஃபெரெட் சங்கத்தில், வீட்டில் குட்டி வளர்க்கிற குடும்பங்கள் கூடிப் பேசி, ஒரு வயதாகும் முன் அறுவை கிடையாது என்று முடிவெடுத்தன. ஹலுஷ்கிக்கு ஜனவரியிலேயே முடி முளைத்துவிட்டது. முன்பைவிடக் கறுப்பாக, அடர்த்தியாக. வாண்டா அவனைச் சங்கத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். ஆறாம் இடம் கிடைத்தது. நடுவருக்குக் கண் சரியில்லை என்று மாவட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை இரண்டாவது முகாம் வைத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு, ஒஹாயோ எண் போட்ட வண்டியிலிருந்து ஓர் இளம்பெண் இறங்கினாள். ஒரு கையில் கூண்டு, மறு கையில் மடித்து மடித்து நைந்துபோன தாள். நான்கு மணி நேரம் ஓட்டி வந்த களைப்பும் எரிச்சலும் முகத்தில் தெரிந்தன. வாசலில் கூடியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்து, "இந்தப் புள்ளியை வச்ச ஸ்லாவிக் யாரு?" என்று கேட்டாள்.

கூட்டம் வழிவிட்டது. சிலர் நோரீனையும், சிலர் தரையையும் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றாள் நோரீன், எல்லாருக்கும் கேட்கும்படி. படியிறங்கி வந்து கூண்டை வாங்கிக்கொண்டாள்.